‘ஏற்காது’ என்று சொன்னது யார்?

ஹட்டனில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் அண்மையில் நின்றிருந்தேன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் உயர்தரம் படிக்கும் அவருடைய மகனும் வந்தனர். மழைக்கு அஞ்சி உரப்பையால் சுற்றிய பழைய கணினிப் பெட்டி ஒன்று மகனின் தோளில் இருந்தது. கடைக்காரர் மூடியைக் கழற்றி ஒரு முறை பார்த்தார்.

“போர்ட் பழசும்மா. புது புரொசெசர் ஏற்காது. எல்லாத்தையும் மாத்தணும்.”

அவர் சொன்ன தொகை அந்தத் தாயின் இரண்டு மாத உழைப்பை விழுங்கக்கூடியது. 2024இல் பெரும் போராட்டத்தின் பின்னர் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளமே 1,350 ரூபாய்தான். நான் எட்டிப் பார்த்தேன். தாய்ப்பலகையில் ‘ஏ320’ என்று அச்சிட்டிருந்தது. ஏற்காது என்பது உண்மையன்று.

இந்தச் சொல்லின் பிறப்பிடம் ஹட்டன் அல்ல. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் புரொசெசர்கள் 2017இல் ஏஎம்4 என்ற பொருத்துவாயோடு சந்தைக்கு வந்தன. 2020 மே மாதத்தில் அதே நிறுவனம், அடுத்து வரவிருக்கும் புரொசெசர்களைப் பழைய பலகைகள் ஏற்கமாட்டா என்று அறிவித்தது. பயோஸ் சில்லின் 16 மெகாபைட் கொள்ளளவு போதாதாம். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே 400 வரிசைப் பலகைகளுக்கு வழி திறந்தது. 2022இல் ஏ320 அடங்கலான 300 வரிசைக்கும் திறந்தது. இடையில் அந்தச் சில்லுகள் வளர்ந்துவிடவில்லை. இடப் பற்றாக்குறை மெய்தான்; ஆனால் பழைய சில புரொசெசர்களுக்கான பகுதியை நீக்கினால் இடம் கிடைக்கும் என்பது முதல்நாளே தெரிந்த சங்கதி.

இன்டெல் இன்னும் கெட்டி. 2015இல் வந்த 1151 தொடுமுனைப் பொருத்துவாயையே 2017 இறுதியில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் வைத்துக்கொண்டு, பலகையை மட்டும் புதிதாக வாங்கச் சொன்னது. ஆறு கோர்களுக்கு மின்சாரம் ஊட்டும் முறை மாறிவிட்டது என்பது அது சொன்ன காரணம். ஆர்வலர்கள் சிலர் சில தொடுமுனைகளை மறைத்து, பயோஸைத் திருத்தி, பழைய பலகையிலேயே அதை ஓட்டிக் காட்டினர். மைக்ரோசொஃப்டோ விண்டோஸ் 11க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தகுதி என்றது; விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திக்கொண்டது. ஏழாம் தலைமுறைக் கணினியை வாங்கியவனுக்கு முன்வாசலை ஒருவர் பூட்ட, பின்வாசலை மற்றவர் பூட்டினார்.

நம் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பாருங்கள். ரோலரின் மோட்டார் மாறும், தேய்ந்த பாகம் மாறும். ரோதை முனிக்குப் படையல் வைத்துவிட்டு அதே ரோலரில்தான் கொழுந்தை அரைப்பார்கள். மோட்டார் எரிந்ததென்று ரோலரைத் தூக்கி எறியச் சொன்னால் எந்தத் துரையும் கேட்கமாட்டார். லயத்துப் பிள்ளையிடம் மட்டும் அதை எப்படிச் சொல்லத் துணிகிறார்கள்?

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. பலகையின் பெயரையும் பதிப்பையும் எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அது ஏற்கும் புரொசெசர்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தால், பழைய புரொசெசரைக் கழற்றுவதற்கு முன்பே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பலகை செத்துவிடலாம். மழையும் காற்றும் வந்தால் விளக்கு அணைகிற மலைநாட்டில் யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. மலிவான ஏ320 பலகையில் மின்சாரத்தை அதிகம் குடிக்கும் புரொசெசரைப் போடுவதும் தவறு. ரைசன் 5 5600 போன்ற 65 வாட் வகையே போதும். பழைய டிடிஆர்4 நினைவகம் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் தனியே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “தெரியும் ஐயா. பயோஸ் அப்டேட்டுக்கு எவன் காசு குடுப்பான்? போர்ட் வித்தாத்தான் எனக்கு ஏதாவது மிஞ்சும்.”

நேர்மையான பதில். அவருக்கும் கடை வாடகை இருக்கிறது. ஆனால் தம்பி, அந்த அரைமணி நேர வேலைக்கு இரண்டாயிரம் ரூபாய் கூலி என்று பலகையில் எழுதிப் போடுங்கள். கேட்டவர்கள் கொடுப்பார்கள். அன்று அந்தப் பையன் ஒன்றும் வாங்கவில்லை. பலகையின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பெட்டியை மறுபடியும் உரப்பையில் சுற்றினான்.