பிளக்கைக் கழற்றிய பிறகே பிற்



2022ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒருநாள், தச்சுப் பட்டறையில் ஜன்னல் சட்டத்துக்கு ரவுட்டரால் விளிம்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் கரண்ட் நின்றுவிட்டது. இந்த நேரத்தில் பிற்றை மாற்றிவிடலாம் என்று ஸ்பனரை எடுத்தேன்.

"அக்கா, பிளக்கைக் கழட்டினீங்களோ?" என்று கேட்டாள் கூட வேலை செய்யும் தங்கச்சி.

"கரண்ட்தான் இல்லையே பிள்ளை" என்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல் போய்ப் பிளக்கைக் கழற்றினாள். நான் நட்டைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. மூலையில் ஒருவரும் தொடாத சீவல் மெசின் தானாக இரைந்து ஓடத் தொடங்கியது. என் ரவுட்டரின் சுவிச்சைப் பார்த்தேன். அது போட்டபடியே இருந்தது.

என் வீட்டில் உழைக்கும் கை என்னுடையது மட்டுமே. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இம்முறை இதை எழுதுகிறேன்.

ரவுட்டர் நிமிடத்துக்கு 20,000 தடவைக்கு மேலும் சுழலக்கூடிய கருவி. ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். அது மின்தாக்கத்திலிருந்து காக்கும். சுழலும் பிற்றிலிருந்து விரலைக் காக்காது. எனவே சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். வேலை செய்த பிற் சூடாக இருக்கும். ஆறவிட்டுத் துணியால் பிடியுங்கள்.

அடுத்தது அளவு. பிற்றின் தண்டும் அதைக் கவ்விப் பிடிக்கும் கொலெற்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் தண்டு அதற்குள் இலகுவாகப் போகும். ஆனால் சரியாக இறுகாது. ஓடும்போது கழன்று பறக்கும். கடதாசி சுற்றி இறுக்குவதும் கூடாது.

கொலெற்றுக்குள் இருக்கும் மரத்தூளையும் பிசினையும் துடையுங்கள். தண்டை அடிவரை செலுத்தி, பிறகு 2 அல்லது 3 மில்லிமீற்றர் வெளியே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் பிடி சரியாக விழாது. நுனியை மட்டும் நுழைத்தாலும் ஆபத்துத்தான். பிற் இல்லாமல் வெறும் நட்டை இறுக்காதீர்கள், கொலெற் பழுதாகிவிடும்.

இறுக்கியதும் ஸ்பனரை எடுத்துவிட்டு, பிற்றைக் கையால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுவிச் நிறுத்தியிருப்பதைப் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். மரத்தில் வைக்காமல் சில விநாடிகள் ஓடவிடுங்கள். நடுக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய பிற்றுக்கு வேகத்தைக் குறையுங்கள்.

கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். எங்கள் முதிரை மரத்தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. சோலைக் கழற்றி வையுங்கள், கூந்தலை முடிந்து கட்டுங்கள், காப்பு வேண்டாம்.

இப்போது எங்கள் பட்டறையில் யார் ஸ்பனரை எடுத்தாலும் இன்னொருவர் கேட்போம்: "பிளக்கைக் கழட்டினீங்களோ?" கேட்பவள் வயதில் இளையவள் என்று ஒருவரும் கோபிப்பதில்லை. நீங்களும் கேளுங்கள்.