கடிகாரத்துக்குள் ஒரு குடம்

கடிகாரம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குடம் இருக்கும். சமஸ்கிருதத்தில் 'கடம்' என்றால் குடம். கச்சேரியில் தட்டும் கடமும் அதுதான். 'கடிகா' என்றால் சிறு குடம். அடியில் நுண்ணிய துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் ஏறி, கிண்ணம் மூழ்க ஆகும் நேரம் ஒரு கடிகை. தமிழில் அது நாழிகை. இன்றைய கணக்கில் 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு ஜாமம். 60 நாழிகை ஒரு நாள். இந்திக்காரர்கள் இன்றும் கைக்கடிகாரத்தை 'கடீ' என்றே சொல்கிறார்கள். கையில் கட்டியிருப்பது என்னவோ பழைய குடம்தான்.

சங்க காலத்திலும் இது உண்டு. பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க் கிண்ணத்தைப் பார்த்துப் பொழுது அறிவிக்கும் ஆட்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் கன்னல். 1526-ல் பானிபட்டில் வென்று டெல்லியைப் பிடித்த பாபரையும் இந்த ஏற்பாடு கவர்ந்தது. கிண்ணம் மூழ்கும்போதெல்லாம் பித்தளைத் தட்டில் அடித்து நாழிகையைச் சொன்னார்கள். ஆனால் நள்ளிரவில் விழித்தவனுக்கு நாழிகை தெரிந்தது. எந்த ஜாமம் என்று தெரியவில்லை. ஜாமத்தின் எண்ணையும் சேர்த்து அடிக்கச் சொன்னார் பாபர். தம் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

அடித்துச் சொன்ன பழக்கம் மொழியிலும் தங்கிவிட்டது. கோயிலில் அடிப்பதும் மணி, பத்து அடித்தால் பத்து மணி. இந்தியில் 'கண்டா', வங்காளியில் 'கொண்டா'. இரண்டுக்கும் இதே இரு பொருள். ஆங்கிலத்தின் 'கிளாக்' கூட, மணியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அந்தந்த ஊர் உச்சிவேளைதான் அந்தந்த ஊருக்குப் பன்னிரண்டு மணி. இதனால் யாருக்கும் தொல்லை இருக்கவில்லை, ரயில் வரும்வரை. கிரீன்விச்சை விடப் பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம் முந்தியது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். ஒரே நாட்டின் இரு பெரிய நகரங்களுக்கு இடையே ஒரு மணிக்கும் மேல் வித்தியாசம். எந்த ஊர் மணிப்படி வண்டியை விடுவது? வழி காட்டியது சென்னை. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வுக்கூடம் கணித்த சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம். ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் ரயில்வே அதையே எடுத்துக்கொண்டது.

1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகை தீர்க்கரேகைதான் அளவு. கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முந்தியது. சென்னைக்கு 9 நிமிடம்தான் மாற்றம், சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. பம்பாய்க்கு 39 நிமிடம். ஆலைச் சங்கு 39 நிமிடம் முன்னதாக ஊதினால், தொழிலாளி அதே அளவு முன்னதாக இருட்டில் எழ வேண்டும். ஆலைத் தொழிலாளர்கள் அந்த ஜனவரியிலேயே எதிர்த்துக் கிளம்பினார்கள். பம்பாய் தன் நேரத்தை 1955 வரை விடவில்லை. கல்கத்தா 1948-ல் விட்டுக்கொடுத்தது.

சண்டை அத்துடன் முடியவில்லை. கிழக்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குஜராத்தின் மேற்குக் கோடிக்கும் அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் கோடிக்கும் இடையே ஏறத்தாழ 29 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஜூன் மாதம் அஸ்ஸாமின் டிப்ரூகட்டில் காலை நாலரைக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது. துவாரகையில் ஆறு தாண்ட வேண்டும். டிசம்பரில் டிப்ரூகட்டில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைகிறது. அலுவலகம் மட்டும் டெல்லி மணிக்குத்தான் திறக்கிறது, டெல்லி மணிக்குத்தான் மூடுகிறது. காலை வெளிச்சம் வீணாகிறது. மாலையில் விளக்கு எரிகிறது. வேலை முடிந்து வீடு திரும்புபவர்கள் இருட்டில் நடக்கிறார்கள்.

தேயிலைத் தோட்டங்கள் மட்டும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரு வழி வைத்திருக்கின்றன. 'பாகான் நேரம்' என்று பெயர். தோட்ட நேரம் என்று பொருள். இந்திய நேரத்தை விட ஒரு மணி முந்தியது. மாநிலம் முழுவதும் இதையே பின்பற்ற வேண்டும் என்று 2014-ல் முதலமைச்சர் தருண் கோகோய் விரும்பினார், நடக்கவில்லை. நாட்டின் நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2018-ல் இரண்டு நேர மண்டலங்களைப் பரிந்துரைத்தார்கள். எல்லையாக அவர்கள் காட்டியது வங்காளமும் அஸ்ஸாமும் சந்திக்கும் பகுதி. அங்கே ரயில் பாதைகள் குறைவு. மணி மாற்றும்போது விபத்துக்கு இடமிருக்காது என்பது வாதம். டெல்லி இதுவரை இசையவில்லை. ஒரு நாடு, ஒரு நேரம் என்பதே அதன் நிலை.

கல்கத்தா அன்று விட்டுக்கொடுத்தது 23 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு நாழிகை. டிப்ரூகட் இன்று கேட்பது இரண்டரை நாழிகை.