யானை திரும்பிய திசை

ஜீலம் நதிக்கரையில் அலெக்சாந்தரும் போரஸ் மன்னனும் பொருத கதையை அறியாத மாணவர் இலர். கி.மு. 326ஆம் ஆண்டிலே, வெள்ளம் பெருகியோட, இடியும் மழையுமான ஓர் இரவில் யவன வீரன் நதியைக் கடந்தான் என்பதைப் பரீட்சைத் தாளிலே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால், நமது மாத்தளைப் பகுதியில் நிற்கும் சீகிரியாக் குன்றின் அரசன் எங்ஙனம் தோற்றான் என்று கேட்டால், அக்குன்றின் ஓவியங்களைப் பற்றித்தான் விடை வரும். கடல் கடந்து வந்தவனுக்கும் உள்நாட்டு வேந்தனுக்கும் நடந்த யுத்தமே அதுவும். அதை முடித்து வைத்தது பெருநதி அன்று, வெறும் சேற்றுநிலம்.

சூளவம்சம் கூறும் வரலாறு இது. அநுராதபுரத்தை ஆண்ட தாதுசேனனுக்குக் காசியப்பன், முகலன் என இரு புதல்வர். காசியப்பனின் தாய் அரசனுக்குச் சம குலத்தவள் அல்லள். ஆகவே பட்டம் இளையவனான முகலனுக்கே உரியதாயிற்று. தன் தாயை அரசன் கொல்வித்த பகையை மனத்துள் வளர்த்து வந்த சேனாதிபதி மிகாரன் தூண்டிவிட, காசியப்பன் தந்தையைச் சிறைப்படுத்தி அரியணையைக் கவர்ந்தான். மறைத்து வைத்த திரவியம் எங்கே என்று கேட்டு நெருக்கியபோது, தான் கட்டுவித்த கலாவாவியின் நீரை அள்ளிக் காட்டித் தனக்குள்ள செல்வம் அதுவே என்றானாம் அம்முதிய மன்னன். பின்பு அவனைச் சுவரோடு சேர்த்து நிறுத்திப் பூசிவிட்டார்கள். முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான்.

தம்பி ஒருநாள் திரும்பி வருவான் என்ற அச்சமே காசியப்பனைச் சீகிரியாவில் ஏற்றியது. சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 600 அடி உயர்ந்த பாறை, உச்சியிலே மாளிகை, அடியிலே அகழியும் மதிலும் நீர்த்தோட்டங்களும். நிலத்தடி வாய்க்கால்களால் நீரைச் செலுத்தி அவன் காலத்தில் அமைத்த ஊற்றுக்களுட் சில இன்றும் மழைக்காலத்திலே பீறிட்டெழக் காணலாம். நீரை இவ்வளவு நுட்பமாக ஏவல் கொண்டவனுக்கு ஒரு சேற்று நிலம் எமனாயிற்று.

காசியப்பன் 18 ஆண்டுகள் ஆண்டான். கி.பி. 495 அளவில் முகலன் வந்திறங்கிப் படை திரட்டினான். அண்ணன் கோட்டைக்குள்ளேயே இருந்திருக்கலாம். அதற்காகத்தானே அதைக் கட்டினான்? ஆயினும் நிமித்தகர் தடுத்தும் கேளாது, இறங்கிச் சென்று எதிர்த்தான். போர் மும்முரமாக நடக்கையில், யானைமேலிருந்த அவன் எதிரே சதுப்புநிலம் கிடக்கக் கண்டு, வேறு வழியாற் செல்லும் பொருட்டு யானையைத் திருப்பினான். அவ்வளவே. அரசர் ஓடுகிறார் என்று எண்ணிய சேனை சிதறிற்று.

இக்காலத்து நேயர்களுக்கு இது நம்பற்கரிதாகத் தோன்றலாம். போர்க்களத்து ஆரவாரத்திலே எவருடைய குரலும் எட்டாது. எல்லோர் கண்ணுக்கும் தெரிவது யானைமேல் இருக்கும் மன்னன் ஒருவனே. அவனே கொடி, அவனே கட்டளை. ஜீலம் கரையிலே யானைகள் வெருண்டு சொந்தப் படையையே மிதித்தபோதும், தோளிற் புண்பட்ட போரஸ் நெடுநேரம் யானைமேல் நின்று பொருதான். தோற்றும், நாட்டைத் திரும்பப் பெற்றான்.

நம் சோழர் சரித்திரத்திலும் இதற்கு ஒப்பான ஒரு நாள் உண்டு. 1054ஆம் ஆண்டில், பேராற்றங்கரைக் கொப்பத்திலே, சாளுக்கிய மன்னன் ஆகவமல்லனோடு பொருத முதலாம் இராசாதிராசன் யானைமேலேயே உயிர் துறந்தான். கல்வெட்டுக்கள் அவனை ‘ஆனைமேல் துஞ்சின’ தேவர் என்று குறிக்கும். அரசன் வீழக் கண்ட சோழர் படை பின்வாங்கத் தொடங்கிற்று. அவ்வேளை அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் முன்வந்து, படையை நிறுத்தி, வென்று, களத்திலேயே முடிசூடிக் கொண்டான். கொப்பத்தில் அரசன் மாண்ட பின்பும் படை நின்றது. இங்கே அரசன் உயிரோடிருக்கையிலேயே ஓடிற்று. அங்கே தாங்கிப் பிடிக்கத் தம்பி இருந்தான். இங்கே தம்பிதான் எதிரி.

ஆகவே, பழி முழுவதையும் சேற்றின் தலையில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. யானை சற்றே விலகியதும், வழி தேடுகிறான் என்று ஒருவனுக்காவது தோன்றவில்லையா? தந்தையைக் கொன்று, தம்பிக்கு அஞ்சிப் பாறையிற் குடியேறியவன் தங்கள் அரசன் என்பதை அப்படையில் அறியாதார் யார்? ஓடுவான் என்று உள்ளூர எண்ணியிருந்தவர்களுக்கே ஓடுவதாகத் தோன்றும். இக்கதையை எழுதி வைத்த பிக்குகளுக்குத் தந்தையைக் கொன்றவன்மீது அன்பு இருந்திராது என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்வது நன்று. எனினும் அவன் முடிவை அவர்கள் மறைக்கவில்லை.

தனித்து விடப்பட்ட காசியப்பன் ஓடவில்லை. கத்தியால் தன் கழுத்தை அறுத்து, அக்கத்தியை மேலே உயர்த்திக் காட்டி, உறையிலிட்டான். முகலன் அண்ணனுடைய உடலுக்கு ஈமக்கடன் செய்வித்து, தலைநகரை அநுராதபுரத்துக்கே மீட்டுக் கொண்டு சென்றான். சீகிரியாக் குன்று பிக்குகளின் வசமாயிற்று.