பழைய இரும்பும் சோறு போடும்

கடையில் ஓடாத மாவு மிஷின் கிடந்தால் நாம் என்ன செய்கிறோம்? காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள சில்வர்டன் என்ற மலையூரார் அப்படிச் செய்யவில்லை.

9,300 அடி உயரத்தில் உள்ள சிற்றூர் அது. அங்கு வெட்டிய வெள்ளி, தங்கத் தாதுவைக் கீழே இறக்க 1882-இல் டுராங்கோ நகரிலிருந்து 45 மைல் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1991-இல் கடைசிப் பெரிய சுரங்கமும் மூடப்பட்டது. மாதச் சம்பளம் வாங்கிக் கடைக்கு வந்த குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. சுரங்க ஊரில் மளிகைக் கடை வைத்தவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை.

மிஞ்சியது பழைய இரும்புதான். தாது இறக்கிய ரயில் அதற்கு முன்பே சுற்றுலா ரயிலாக மாறியிருந்தது. 1920-களில் செய்த நீராவி எஞ்சின்கள் பள்ளத்தாக்கு ஓரமாகப் பயணிகளை ஏற்றி வருகின்றன. தாது அரைத்த மேஃபிளவர் ஆலையை, இயந்திரங்களோடு உள்ளூர் வரலாற்றுச் சங்கம் பாதுகாத்து, கட்டணம் வாங்கிக் காட்டுகிறது. வேறொரு சுரங்கத்தில், குட்டி ரயிலில் விருந்தாளிகளை மலைக்குள் அழைத்துப் போகிறார்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் சாப்பிடுகிறார்கள், சாமான் வாங்குகிறார்கள். கடைகள் பிழைத்தன.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் வணிகர்கள் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த ரயில் சில்வர்டன் வரை வருவதில்லை. 2018 ஜூனில் பெரும் காட்டுத்தீ பரவியதால், சீசன் நேரத்திலேயே சுமார் நாற்பது நாள் ரயில் ஓடவில்லை. வாங்கி அடுக்கிய சரக்கு அப்படியே நிற்க, வாடகையும் வட்டியும் நிற்குமா? முன்பு சுரங்கத்தை மட்டும் நம்பிய ஊர், பின்பு ரயிலை மட்டும் நம்பியது. சீசன் ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இந்த வேதனை சொல்லாமலே புரியும்.

நமது கருத்து இதுதான். எந்த ஊரில் ஆலையோ சுரங்கமோ மூடினாலும், இயந்திரத்தை ஏலம் போடும் முன் அவ்வூர் வணிகர் சங்கத்தையும் அழைத்துப் பேச வேண்டும். ஏலத்தில் கிடைப்பது ஒருமுறைப் பணம். பார்க்க வருகிறவர் தருவது ஆண்டுதோறும் வரும் வியாபாரம். அதே சமயம், வந்து போகிறவரை நம்பி உள்ளூர் வாடிக்கையாளரை விட்டுவிடக் கூடாது. ரயில் நின்ற நாளிலும் அரிசி பருப்பு வாங்க வருகிறவர் அவர்தான்.