குற்றி ஏறும் பக்கம்

மரக்காலைக்குள் நுழைகிற எவருடைய கண்ணும் முதலில் வாளிடம்தான் போகும். இரண்டு பெரிய சில்லுகளைச் சுற்றி ஓடும் பட்டை வாளின் இரைச்சலே ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடும். பயம் இருக்கிற இடத்தில் கவனமும் இருக்கும். எனக்குக் கவலை எல்லாம் வாள் ஓடாத நேரத்தைப் பற்றித்தான். தரையில் கிடக்கும் குற்றியை மேடைக்கு உருட்டி ஏற்றுகிற நேரம் அது.

கோப்பாய் வளவுகளில் தறிக்கிற வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக் குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் குற்றி முக்கால் தொன்னுக்குக் குறையாது. முதிரை, பாலை என்றால் இன்னும் கூடும். மூன்றடிக்கு ஓரடி உயரும் சாய்வில் அதை வைத்தால், அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கால் தொன் அளவு பாரம். அதை இரண்டு பேர் தோள் கொடுத்து நிறுத்த முடியாது.

ஆனால் நடப்பது என்ன? அலவாங்கு போடத் தெரிந்தவர்கள் இரு பக்கமும் நிற்பார்கள். வேலைக்குப் புதிதாக வந்த பெடியனிடம், "தம்பி, நீ கீழ நிண்டு ஆப்பு வை" என்பார்கள். அந்த இடத்தில் ஒருவருமே நிற்கக்கூடாது. குற்றி வழுக்கினால் ஓட அவனுக்கு வழியில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பழைய கயிற்று முறை இதைவிட எவ்வளவோ மேல். கயிற்றின் ஒரு தலைப்பை மேடைச் சட்டத்தில் கட்டி, மறு தலைப்பைக் குற்றியின் அடியால் விட்டு மேலால் எடுத்து இழுத்தால் குற்றி உருண்டு ஏறும். இழுக்கவேண்டிய பாரமும் பாதியாகும். இரண்டு முனைக்கும் ஒவ்வொரு கயிறு வேண்டும், இல்லாவிட்டால் குற்றி கோணும். இழுப்பவர் மேடைக்கு அப்பால் நேரெதிரே நிற்கவும் கூடாது. குற்றி தாண்டி விழுந்தால் அவர் மேல்தான் விழும். கயிற்றைக் கப்பியில் திருப்பி, பக்கவாட்டில் விலகி நின்று இழுக்கவேண்டும்.

இதெல்லாம் பலன் தருவது அடித்தளம் சரியாக இருந்தால்தான். எங்கள் செம்மண் கோடையில் கல்லுப்போல் இருக்கும், மாரியில் குழைந்துவிடும். சாய்வுச் சட்டத்தின் ஒரு கால் இரண்டு அங்குலம் புதைந்தாலே குற்றி பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆகவே கால் ஊன்றும் இடத்துக்குக் கொங்கிறீட் வேண்டும். சாய்வின் மேல்முனை மேடையில் வெறுமனே சாய்ந்திராமல் கொழுவிப் பூட்டியிருக்கவேண்டும். மேடையின் எதிர்ப்பக்கத்து நிறுத்துக்கட்டைகள் குற்றி அசையுமுன்னமே நிமிர்த்திப் பூட்டப்பட்டிருக்கவேண்டும். பலர் குற்றி ஏறிய பிறகுதான் அவற்றைத் தேடுகிறார்கள். இயந்திரத்தை நிறுத்தாமல் ஏற்றுவது பற்றி நான் பேசவே போவதில்லை, அது எந்தக் காலத்திலும் கூடாது.

இன்னொன்று, சங்கிலிக் கப்பியைக் கூரை வளையில் கொழுவுவது. ஓட்டையோ தகரத்தையோ தாங்கப் போட்ட பனை வளை அது. முக்கால் தொன்னைத் தூக்கப் போட்டதல்ல. கப்பிக்கு நிலத்தில் ஊன்றிய தனி இரும்புச் சட்டம் வேண்டும்.

போர் நடந்த மண் என்பதால் எங்கள் மரங்களுக்குள் சன்னமும் செல் துண்டும் இருக்கின்றன. வாள் பட்டால் பல் தெறிக்கும், வாளே அறுந்து பாயும். குற்றி தரையில் கிடக்கும்போதே பட்டையை உரித்து, கறுத்த தழும்புகளைப் பார்த்து, உலோகம் காட்டும் கருவியால் தடவிவிட வேண்டும். மேடையில் ஏற்றிய பிறகு எவருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆபத்தான இயந்திரப் பாகங்களை மறைத்து அடைக்கச் சொல்கிறது. வாளுக்கும் சில்லுக்கும் பல இடங்களில் தகரம் அடித்தாயிற்று. குற்றி ஏறும் பக்கத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. உறுதியான இரண்டு நிறுத்துக்கட்டைகளும், குற்றி பின்னுக்கு உருளாமல் தடுக்கும் பற்கள் வைத்த சாய்வுச் சட்டமும் பக்கத்து வெல்டிங் கடையிலேயே செய்யக்கூடியவை. மரக்காலை முதலாளிமார் வருகிற மாரிக்கு முன்னம் அவற்றைச் செய்து பூட்டிவிட வேண்டும். அதுவரை அந்தப் பெடியனைக் கீழே நிறுத்தக்கூடாது.