கை சும்மா இருந்தால் போதுமா?

ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டு பேசியபடி பைக்கில் போகிறவரின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில்தான் இருக்கின்றன. காரில் புளூடூத்தில் பேசுகிறவரும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவும் கையில் பிடித்த கருவியைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறது. ஆனால் 1997-இல் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் டொராண்டோவில் விபத்தில் சிக்கியவர்களின் போன் பதிவுகளை அலசியபோது, பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் இதில் தள்ளுபடி எதுவும் இல்லை. 2015-இல் வெளியான யூட்டா பல்கலைக்கழக ஆய்வில், காருக்குக் குரலில் கட்டளையிட்டு முடித்த பிறகும் கவனச்சிதறல் 27 விநாடி வரை நீடித்தது. 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 450 மீட்டர் போயிருக்கும்!

பக்கத்து இருக்கைக்காரரோடு பேசுவதில்லையா என்று கேட்கலாம். அவர் எதிரே லாரியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. திரையைப் பார்த்து டைப் செய்வதைவிடக் குரல் எவ்வளவோ மேல் என்பதும் சரிதான். அதனால் வழி கேட்க, ஒற்றை வரியில் பதில் சொல்ல அது இருக்கட்டும். வாடகைக் கார் ஓட்டுநர் அழைப்பை எடுக்காவிட்டால் பிழைப்பு போய்விடுமே என்றால், ஓடும் வண்டிக்கு அழைப்பே போகாதபடி செயலியை மாற்ற வேண்டியது நிறுவனங்கள்தான்.