நடுக்கம் என்றாலே பேலன்சிங்தானா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காரில் நான்கு மாதமாக ஒரு நடுக்கம். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. திருச்சியிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில், விராலிமலை தாண்டி 85-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். 70-க்குக் குறைத்தால் நின்றுவிடும். "நடுங்கறது வண்டியா, உங்க கையா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

மூன்று கடைகளுக்குப் போனேன். மூன்றிலும் ஒரே மருந்து, வீல் அலைன்மென்டும் பேலன்சிங்கும். மொத்தம் 2,700 ரூபாய். முதல் கடையில் "ரோடு அப்படி சார்" என்றார்கள். மூன்றாவது கடையில் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள். எந்த வேகத்தில் நடுங்குகிறது, எங்கே நடுங்குகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. நாக்கை நீட்டச் சொல்லாமலே ஊசி போடுகிற டாக்டரிடம் நாம் போவோமா?

பேலன்சிங் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். என் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர் போகும். அப்படியானால் வினாடிக்குச் சுமார் 13 சுற்று. ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கும், வினாடிக்கு 13 தடவை திசை மாறி மாறி. வேகம் பாதியானால் இழுப்பு கால்பங்காகிவிடும். ஊருக்குள் ஏன் தெரியவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அந்த மெஷின் சக்கரத்தைக் காற்றில்தான் சுற்றுகிறது, வண்டியின் பாரம் அதன்மேல் இல்லை. எடை சமமா என்று மட்டும் அது சொல்லும். டயர் வட்டமாக இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். கோழிமுட்டைக்கும் ஈயக்கட்டி ஒட்டி எடையைச் சமப்படுத்திவிடலாம். அதை வண்டியில் மாட்டி ஓட்ட முடியுமா? அலைன்மென்டோ வேறு விஷயம். அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நடுக்கத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. இருந்தும் இட்லிக்குச் சட்னி மாதிரி இரண்டையும் சேர்த்தே பில் போடுகிறார்கள்.

போன மாதம் துவரங்குறிச்சிப் பக்கம் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. சாலையோரப் பஞ்சர் கடை. ஒட்டிக்கொண்டிருந்த தம்பி முன்டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, வேகமாப் போனா ஆடுமே?" என்றார். "ஆடும்" என்றேன். "கையிலயா, உக்கார்ற எடத்துலயா?"

நான்கு மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. கையில் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையில் ஆடினால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டலாம். நடுக்கமும் கூடவே பின்னால் போனால், குற்றவாளி அந்தச் சக்கரங்களில் ஒன்று. இதற்கு ஒரு ஜாக்கியும் ஸ்பேனரும் போதும்.

அவர் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு எதிரே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினார். இடது டயர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சாக்பீஸை உரசியது. கழற்றித் திருப்பினால் உட்பக்கம் அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். எப்போதோ பள்ளத்தில் விழுந்து உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கும். அந்த டயரில்தான் பேத்தியை உட்கார வைத்து நான்கு மாதம் ஓட்டியிருக்கிறேன். அதே டயரை மூன்று கடைகளில் கழற்றி, மூன்று முறை மெஷினில் ஏற்றி, மூன்று முறை ஈயம் ஒட்டியிருக்கிறார்கள்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள் சிலர் சொல்வீர்கள், "சார், ஒரு வண்டிக்கு அரைமணி நேரம் தேடிக்கிட்டிருந்தா கடை வாடகை யார் தர்றது?" நியாயம்தான். அதில் என் போன்றவர்களின் தப்பும் இருக்கிறது. பார்ட்ஸ் போட்டால் கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். "பார்த்ததுக்கு இருநூறு" என்றால் "சும்மா பார்த்ததுக்கா?" என்று சண்டை போடுகிறோம். பஞ்சருக்கு மட்டும் காசு கேட்ட அந்தத் தம்பியிடம் நானும் முதலில் அதை மட்டும்தான் எடுத்து நீட்டினேன். அப்புறம் வெட்கப்பட்டுக் கூடக் கொடுத்தேன். ஆகவே தேடுவதற்குக் கூலி கேளுங்கள், போர்டு எழுதி மாட்டுங்கள், நான் தருகிறேன். ஆனால் தேடாமலே மருந்து விற்காதீர்கள். விற்ற மருந்து கேட்கவில்லை என்று திரும்பி வருபவரிடம் அதையே மறுபடியும் விற்காதீர்கள்.

ஸ்டெப்னியை மாட்டி 60-லேயே வீடு வந்தேன். மறுநாள் முன்னால் இரண்டு டயரும் புதிது. இப்போது 90-இல் ஸ்டியரிங் ஆடாமல் நிற்கிறது. உங்கள் வண்டியிலும் டயரின் உட்பக்கத்தை இன்றே ஒருமுறை குனிந்து பாருங்கள், குறிப்பாக மழையில் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்.

திட்டுவதற்கு போன் செய்பவர்கள் மாலை ஐந்துக்கு மேல் செய்யவும். மதியம் தூங்குவேன்.